எங்கள் மரத்தில் குற்றமில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் பாடசாலைப் பிள்ளைகளின் வில்வித்தை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதினீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பந்தியில் ஒரு வரி இருந்தது: "உள்ளூர் மரத்தில் கையால் செய்த வில்லின் முதுகுப்பட்டை கழன்றால் திருத்துவதில் பயனில்லை, அதை எறிந்துவிட்டு வெளிநாட்டு வில் வாங்குவதே நல்லது." மூன்று நாளாக அந்த வரி என் மனதை விட்டுப் போகவில்லை.

நான் மரவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் பேத்தியின் வில் நான் செய்ததுதான். உடைந்த மாட்டுவண்டில் ஒன்றின் சமண்டலை மர ஏர்க்காலில் வில்லைச் சீவி, அதன் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறத்தில், மூங்கில் பட்டை ஒட்டியிருந்தேன். மாசி மாதம் அவள் நாணை இழுத்தபோது வில்லின் மேற்கையில், பிடிக்கு மேலே வளையும் பாதியில், "டிக்" என்று ஒரு சத்தம். "அம்மப்பா, வில்லுக்குள்ள ஏதோ கதைக்குது" என்று ஓடிவந்தாள். நாணைக் கழற்றி, முதுகை நகத்தால் தட்டிக்கொண்டு போனேன். பிடியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பொள்ளல் சத்தம் கேட்டது. பஸ் ரிக்கற்றின் விளிம்பைச் செருகினால் நான்கு விரற்கிடை உள்ளே போனது.

அந்த இடத்தில் உங்கள் கட்டுரையாளர் வில்லை அடுப்புக்குள் வைத்திருப்பார். நான் பட்டையைச் சூடுகாட்டி முழுதாக உரித்துப் பார்த்தேன். தானாகக் கழன்ற இடத்தில் பசை முழுவதும் மூங்கிலோடு கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. மரத்தின் பக்கத்தில் ஒரு நார்கூடப் பிய்ந்திருக்கவில்லை. பசை மரத்தைப் பிடித்திருந்தால், கழரும்போது மரநாரையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். தச்சுவேலை தெரிந்த எவருக்கும் இதுதான் முதல் சாட்சி, தங்களுக்கும் தெரியாததல்ல. ஆக, மரம் தோற்கவில்லை. பசை மரத்தைப் பிடிக்கவேயில்லை.

ஏன் பிடிக்கவில்லை? நான் செய்த பிழைகளை நானே சொல்கிறேன். மரத்தைச் சீவி ஒரு கிழமை குசினிப் பக்கம் சாத்தி வைத்திருந்தேன். புகையும் எண்ணெயும் படிந்துவிட்டன. ஒட்டியது கார்த்திகை மழைக்குள். மரம் ஈரம் குடித்திருந்தது. கவ்விகளையும் பலம் இருக்குமட்டும் முறுக்கினேன். வெள்ளைப் பசைக்கு இறுக்கம் வேண்டும். நான் ஒட்டிய எப்பொக்சிக்கு, இரண்டு குழாயைக் கலந்து பூசும் பசைக்கு, அப்படியல்ல, அளவுக்கு மீறி நெருக்கினால் பசை முழுக்க ஓரத்தால் வழிந்து, நடுவில் ஒன்றும் மிஞ்சாது. வில் வளையும்போது முதுகு நீளப் பார்க்கும், எய்பவரைப் பார்த்த பக்கமான வயிறு சுருங்கப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கடதாசித் தடிப்புப் பசைதான் நின்று தாங்க வேண்டும். ஓரிடம் மட்டும் கூடுதலாக மடிந்தால் பட்டை அந்த இடத்தில்தான் முதலில் கிளம்பும்.

பிறகு என்ன செய்தேன் என்பதையும் கேளுங்கள். பழைய பசையை உளியால் சுரண்டினேன். இரும்பு வாள் அலகால் இரண்டு முகத்திலும் நீளப்பாட்டுக்குக் கீறி, எண்ணெய்ப் பிசுக்குப் போக அசிற்றோனால் துடைத்துக் காயவிட்டேன். மழை ஓய்ந்த காலம், மரமும் உலர்ந்திருந்தது. இரண்டு குழாய் எப்பொக்சியையும் சரிக்குச் சரி கலந்து, இரு முகத்திலும் பூசினேன். கவ்வியைத் தொடவில்லை, பழைய சைக்கிள் ரியூப்பை நாடா போல வெட்டி, நுனியிலிருந்து நுனிவரை ஒரே இழுவையில் சுற்றினேன். இரண்டு நாள் நிழலில் கிடந்தது. மடிந்த இடத்துக்கு இரு பக்கமும் வயிற்றைச் சுரண்டி, வளைவைச் சமப்படுத்தினேன். அந்த வில் இன்றைக்கும் அம்பு விடுகிறது. செலவு ஒரு பெட்டி பசை மட்டும்.

நீங்கள் புகழும் வெளிநாட்டு வில்லின் கைகளும் மரத்தையும் ஃபைபர் கிளாஸையும் பசையால் ஒட்டியவைதான். பங்குனி வெயிலில் மூடிய வாகனத்துக்குள் போட்டுவிட்டால் அதுவும் கிளம்பலாம். அதே கட்டுரையில் துருக்கிய வில்லை மெச்சியிருந்தீர்கள். எருமைக் கொம்பும் மாட்டு நரம்பும் விலங்குப் பசையால் ஒட்டிய வில் அது, பெரிய கைவேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பசை ஈரத்தில் இளகும். ஐப்பசி கார்த்திகையில் முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான்பாயும் எங்கள் ஊருக்கு அது எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே, ஐயா.

இந்த ஒரு வரி மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் 1803 இல் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று கல் நடப்பட்ட கற்சிலைமடுவைக் கிளிநொச்சி மாவட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டீர்கள். முல்லைத்தீவு மாவட்டம் என்று எழுதிய என் கடிதம் வரவேயில்லை. வெள்ளம் வந்தால், யானை வந்தால், போர் முடிந்த மே மாதம் வந்தால் வன்னிக்கு ஒரு பக்கம் கிடைக்கிறது. வன்னியில் ஒருவன் ஒழுங்காக ஒரு பொருள் செய்தான் என்று எழுத மட்டும் இடம் இல்லை. ஒரு மரக்கட்டையை ஏற்றிவர அனுமதிப்பத்திரத்துக்கு அலையும் தச்சனைப் பற்றி எழுதவும் ஆளில்லை.

எறிவது எங்களுக்குப் புதிதில்லை. 2009 இல், போருக்குள், இரணைப்பாலையில் கிணற்றடியில் அப்பாவின் உளிப்பெட்டியைப் புதைத்துவிட்டு, உடுத்த உடுப்போடு போனோம். முகாமிலிருந்து திரும்பித் தோண்டியபோது பிடிகள் உக்கி, எல்லாம் துருக்கட்டியாக இருந்தன. இரண்டு உளிகளை மட்டும் தீட்டி எடுக்க முடிந்தது. பேத்தியின் வில்லில் பழைய பசையைச் சுரண்டியது அவற்றில் ஒன்றுதான். திருத்துவதில் பயனில்லை என்று எழுதும்போது, அதை யார் வாசிப்பார்கள் என்று ஒருக்கால் நினைத்திருக்கலாம். போன திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பெடியன், உங்கள் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, பட்டை கிளம்பிய தன் வில்லை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டான். நான்தான் போய்ப் பொறுக்கி வந்தேன். மரம் நல்ல மரம்.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அதே பக்கத்தில் நான்கு வரி போடுங்கள்: பட்டை கிளம்பினால் உடனே நாணைக் கழற்றவும், அதன்பின் ஒருமுறைகூட இழுத்துப் பார்க்க வேண்டாம், முறிந்தால் முகத்தில் அடிக்கும், பசை எந்தப் பக்கம் நின்றது என்று பார்க்கவும், மரத்தில் வெடிப்பு இல்லையென்றால் திருத்தலாம்.

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன் பழைய கைப்பணிகள் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்க் கோயில் வேட்டைத் திருவிழாவுக்குச் செய்த வில்லோடு அப்பா நிற்கும் படம் ஒன்றை அனுப்பினேன். பிரசுரிக்காவிட்டால் பரவாயில்லை, திருப்பி அனுப்புங்கள். வேறு பிரதி எங்களிடம் இல்லை. படத்தின் பின்பக்கம் பென்சிலால் 1974 என்று எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலை ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.