செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கொடைக்கானல் ஏரிப் பயணமும் அடுத்த முறைக்கான ஏற்பாடுகளும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நம் சங்கத்தின் நடை, மழை நாட்கள் நீங்கலாக, நிற்கவில்லை. குளிர்காலத்தில் ஊசுட்டேரியில் பறவை பார்த்தோம். 2008 முதல் அது சரணாலயம். கரையில் பாட்டுப் போடுவதையும் சமைப்பதையும் செயற்குழு அறவே நிறுத்திவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கை முழுக்கக் கொடைக்கானல் பயணம்தான்.

கடலையே பார்த்தவனுக்கு ஏரி எம்மாத்திரம் என்று நம்மில் பலர் நினைத்துப் போனோம். நடந்த தவறுகளில் பாதிக்கு அதுவே வேர்.

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. ஓடைகள் வந்து சேரும் சதுப்பு நிலத்தில், மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் கரை கட்டி நீரைத் தேக்கினார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து போனதாம். கடற்கரைக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. பரப்பு சுமார் 60 ஏக்கர், கரைச்சாலை சுமார் 5 கி.மீ., உயரம் 2,100 மீட்டருக்குச் சற்று மேல். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைப்பாதையில் வெள்ளி அருவியாக விழுகிறது. கரையில் கண்ணுக்கு அழகாய்த் தெரியும் பைன், யூகலிப்டஸ், சீகை (வாட்டில் மரம்) எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அந்த மலைக்குச் சொந்தமானது சோலைக்காடும் புல்வெளியும். அவற்றைப் பார்க்க ஏரியை விட்டு வெளியே போக வேண்டும்.

ஏரி நட்சத்திர வடிவில் விரல் விரித்தாற்போல் கிடக்கிறது. விரல்களுக்குள் காற்று தெரியாது. நடுவுக்கு வந்ததும் முகத்தில் அடிக்கும். மிதிபடகு தட்டையானது, எடை குறைவு, காற்று தள்ளினால் பக்கவாட்டில் நழுவும். இந்த முறை மூன்று படகுகள் காற்றோடு ஜாலியாகப் போய், திரும்பும்போது கால் ஓய்ந்து, வாடகை நேரம் கடந்து கரையேறின. ஏறும் முன் தண்ணீரின் சுருக்கத்தையும் மூடுபனி நகரும் திசையையும் பாருங்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்த பிறகு காற்றே கொண்டுவந்து விடும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் எதிர்க்கரை மறையும். அதனால் படகு காலையில்தான்.

மிதவைச் சட்டையைப் பெயருக்கு மாட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். எல்லா பட்டையையும் இறுக்கியபின், இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். சட்டை தாடையைத் தாண்டி ஏறினால் அது பெரியது, மாற்றுங்கள். நீர் குளிர்ந்தது, விழுந்தவுடன் மூச்சு திக்கென்று இழுக்கும், நீச்சல் தெரிந்தவரும் அந்த நொடியில் தண்ணீர் குடிப்பார். படகில் எழுந்து நின்று இடம் மாறுவதும், படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதும் கூடவே கூடாது.

சமையலில் பட்ட பாடு தனி. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று திறந்த அண்டாவில் போட்ட துவரம்பருப்பு, ஒன்றரை மணி நேரமாகியும் விரலில் நசுங்காமல் பல்லில் கடிபட்டது. தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் போட்டு, ஊரில் வைப்பதைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விடுங்கள். இன்னொன்று: இங்கே மூடிய ஊறுகாய் பாட்டிலுக்குள் இருந்த காற்று மேலே போனதும் விரிந்து, எண்ணெயை மூடி வழியே தள்ளிவிட்டது, பை முழுக்க நார்த்தங்காய் வாசம். சிப்ஸ் பாக்கெட்டுகள் பலூனாகியிருந்ததும் இதே காரணத்தால்தான். எரிவாயு சிலிண்டரை வண்டியில் ஏற்றவே கூடாது. சமையலை அங்கேயே ஏற்பாடு செய்வோம்.

உடல்நலம் பற்றி: மேலே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். காந்தி சிலைப் பக்கம் சுளுவாக நடப்பவருக்கும் முதல் நாள் மேட்டில் இரைக்கும். போன அன்று ஏரிச்சுற்று வேண்டாம், மறுநாள் காலை போகலாம். குளிர்கிறதே என்று தொப்பியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு மூக்கு தோலுரிந்தது. உயரம் கூடக்கூட வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும், உடம்பு அதை உணராது. வளைவுகளில் வாந்தி வருபவர்கள் காலையில் பூரி, வடையைத் தவிர்த்து இட்லியோடு நிறுத்துங்கள். மாத்திரை போடுபவர்கள் ஏற்றத்துக்கு அரை மணி முன்பே போட வேண்டும். கரைச்சாலையில் காட்டுமாடு வந்தால் செல்போனை எடுக்காமல் ஒதுங்கி வழிவிடுங்கள்.

வண்டி விஷயம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். பதிவெண்ணோடு முன்கூட்டியே எடுக்க வேண்டும். புதுச்சேரிப் பதிவு வண்டி என்றால் தமிழ்நாட்டு பெர்மிட், வரிச் சீட்டு இரண்டும் கையில் இருக்கட்டும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே அபராதம். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். இறக்கத்தில் நம் ஓட்டுநர் மேல் கியரில் பிரேக்கையே மிதித்து வந்ததால் சக்கரத்திலிருந்து கருகல் வாசம் வந்து, முக்கால் மணி நேரம் ஓரங்கட்ட நேர்ந்தது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய பாடம். அடுத்த முறை மலைப்பாதை பழகிய ஓட்டுநர் என்பதை வாடகைப் பேச்சிலேயே நிபந்தனையாக வைக்கிறோம்.

குழந்தைகள் அளவில் நான்கு மிதவைச் சட்டைகள் வாங்கவும், பயணத்துக்கு முந்தைய மாதம் ஊசுட்டேரியில் அவற்றை மாட்டிப் பழகவும் செயற்குழு கேட்கிறது. பேரவை ஒப்புதல் தர வேண்டுகிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

செயலாளர்,
புதுச்சேரி.