விழிப்புணர்வு இல்லாதவன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலத்திரனியல் கழிவுகள் பற்றிக் கடந்த வாரம் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையில், "தோட்டப்புற மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை" என்றொரு வரி இருந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, நோர்வூட்டில் 31 வருடங்கள் வானொலியும் தொலைக்காட்சியும் திருத்திப் பிழைத்தவன் நான். அந்த வரியை எழுதியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கடையை மூடியபோது 14 பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் மிஞ்சின. படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதை அறிந்திருந்தபடியால் (விழிப்புணர்வு இல்லாதவனுக்கு இது எப்படித் தெரிந்ததோ!) உள்ளூராட்சி அலுவலகம் ஒன்றில் போய்க் கேட்டேன். கொழும்புப் பக்கம் அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார்கள். லொறிக் கூலியை விசாரித்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். பின்னர் வந்த பழைய இரும்புக்காரர் செப்புச் சுருளையும் சர்க்கியூட் பலகையையும் கழற்றிக்கொண்டு, கண்ணாடியை என் வாசலிலேயே விட்டுப் போனார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். கண்ணாடிக்கு அவருக்கு யாரும் ஒரு சதமும் கொடுப்பதில்லை. பொன்னும் செம்பும் உள்ள பலகை கைமாறிக் கைமாறிக் கடைசியில் கப்பலேறி வெளிநாட்டு உருக்காலைக்குப் போய்விடுகிறது. ஈயக் கண்ணாடியும், பாதரசம் உள்ள சீ.எஃப்.எல். மின்குமிழ்களும், கைத்தொலைபேசிப் பற்றறிகளும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கானில் (வடிகாலில்) கிடக்கின்றன. செம்புக்காக வயர்களைக் கொளுத்தும் புகையோ, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு (ஊற்றுநீர்க் குழாய்க்கு) மேலேதான் எழுகிறது.

1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள் சபைகள் சேவை வழங்கத் தடையாக இருந்ததும், அதைத் திருத்த 2018 வரை காத்திருக்க நேர்ந்ததும் தாங்கள் அறியாததல்ல. சட்டம் திருந்தியது; எங்கள் தோட்டத்தைப் பொறுத்தவரை குப்பை வண்டி இன்னும் தார் வீதியைவிட்டு இறங்கவில்லை. காலையில் பறித்த கொழுந்தை வாடவிடாமல் தொழிற்சாலைக்கும், அங்கிருந்து தூளைக் கொழும்பு ஏலத்துக்கும் சேர்ப்பிக்க நூறு வருடங்களுக்கும் மேலாக வழி தெரிந்திருக்கிறது; உடைந்த பெட்டியொன்றைக் கீழே இறக்கத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை. இங்குள்ள கான்களின் நீர் கெசல்கமு ஓயா என்னும் ஆற்றில் விழுந்து, காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கையை அடைந்து, கொழும்பு மக்களின் குடிநீராகிறது என்பதை அந்தக் கட்டுரையாளருக்கு நினைவூட்டினால், அவருக்கும் சிறிது விழிப்புணர்வு உண்டாகலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு தோட்டத்து மருந்தகத்தின் அருகிலும் பூட்டுப் போட்ட பீப்பாய் ஒன்று வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லோரும் கூடும் சம்பள நாளில், அனுமதி பெற்ற ஒருவர் வந்து கண்ணாடி உட்பட அனைத்தையும் ஏற்றிச் செல்ல ஒழுங்கு செய்யுமாறு மத்திய சுற்றாடல் அதிகார சபையைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன். எங்கள் தோட்டத்துப் பீப்பாயை நானே வாங்கித் தருகிறேன். அந்த 14 படக்குழாய்களும் சாக்கு போர்த்தி வீட்டுக்குப் பின்னால் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைக்காட்சி திருத்துநர்,
நோர்வூட்.