எண்ணிப் பாக்காமலே அபூர்வம்னா எப்படிங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மண்ணுலயும் தண்ணிலயும் இருக்கற ஒரு கிருமியால வர்ற மெலியாய்டோசிஸ்ங்கிற தொற்று பத்தி சின்னதா ஒரு செய்தி வந்துச்சு. நாட்டுலயே ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் வரும், பயப்பட வேணாம்னு முடிச்சிருந்தீங்க. பயப்பட வேணாம், சரி. கொஞ்சம் பேருக்குத்தான்னு எந்தக் கணக்க வச்சு எழுதினீங்க?

நான் வண்ணாரப்பேட்டைல ஒரு சின்ன லேப்ல டெக்னீஷியன். எங்க ஏரியால காய்ச்சல்னா மொதல்ல மெடிக்கல் ஷாப் மாத்திரை, அப்புறம் தெருமுனை கிளினிக்ல ஊசி, அப்பவும் விடலன்னாதான் சீட்டு எழுதிக் குடுத்து எங்ககிட்ட அனுப்புவாங்க, அதுலயும் சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), விடால் (டைபாய்டு டெஸ்ட்), டெங்கு இவ்ளோதான் இருக்கும். ரத்தத்த பாட்டில்ல வச்சு கிருமி வளருதான்னு பாக்கற பிளட் கல்ச்சர்னு எழுதின சீட்டு வர்றதே அதிசயம், வந்தாலும் ரேட்டைக் கேட்டதும் "டைபாய்டு மட்டும் பாத்துடுங்கண்ணா"ன்னு சொல்லிடுவாங்க, அன்னாடக் கூலிக்குப் போறவங்கள என்னத்தச் சொல்றது. சரி, கஷ்டப்பட்டு கல்ச்சருக்குக் குடுத்தாலும் அதுக்குள்ள நாலு ஆன்டிபயாடிக் ஊசி ஏறியிருக்கும், பாட்டில்ல ஒண்ணும் வளராது, அஞ்சு நாள் கழிச்சு கிருமி வளர்ச்சி இல்லன்னு ரிப்போர்ட் போயிடும். அந்தப் பேஷன்ட் எந்தக் கணக்குலயும் வரமாட்டாரு.

வளந்தாலும் பிரச்சனை இருக்கு. இந்தக் கிருமிய பாக்கறப்ப சூடோமோனாஸ்ங்கிற வேற ஒரு கிருமி மாதிரியே தெரியும், சில எடத்துல சாம்பிள் எடுக்கறப்ப ஒட்டின அழுக்குன்னே ஒதுக்கிடுவாங்க. ஆனா ஒரு அடையாளம் இருக்கு. ஜென்டாமைசின், கோலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாடிக் ரெண்டுக்கும் பெரும்பாலும் அசையாது, ஆனா கோஅமாக்ஸிக்ளாவுக்கு அடங்கிடும், நிஜ சூடோமோனாஸ்னா அந்த மருந்துக்கு அடங்காது. கிருமி வளத்த தட்டுல மருந்து வில்லையச் சுத்தி விழுற வட்டத்தப் பாத்து, இன்னாடா இது தலைகீழா இருக்குன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சாத்தான் பிடிபடும், நூறு சாம்பிள் வரிசைல காத்துட்டு இருக்கறப்ப யாரு நின்னு யோசிக்கறா?

இதக் கண்டுபிடிச்சதுல நம்மூர் பக்கத்துப் பேரும் ஒண்ணு இருக்கு தெரியுமா. 1911ல ரங்கூன் ஆஸ்பத்திரில பிரேதப் பரிசோதனை பண்றப்ப விட்மோர்ங்கிற வெள்ளைக்கார டாக்டரும் அவர்கூட இருந்த சி.எஸ். கிருஷ்ணசாமியும் சேந்துதான் இதப் பாத்தாங்க, அடுத்த வருஷமே எழுதி வெளியிட்டாங்க. வியாசர்பாடி பக்கம் பர்மாவுல இருந்து திரும்பி வந்த குடும்பங்க எவ்ளோ இருக்கு, பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா நூடுல்ஸ் அத்தோ திங்காதவங்க யாரு, ஆனா இந்த சங்கதி மட்டும் இங்க யாருக்கும் தெரியாது. அதவிட முக்கியம் அதுக்கு அப்புறம் நடந்தது. ரெண்டாம் உலகப் போருக்குப் பின்னாடி ரொம்ப வருஷம் பர்மாவுல இந்த நோய்க்குக் கிட்டத்தட்ட பதிவே இல்ல. கிருமி மண்ணுலயும் தண்ணிலயும்தான் இருந்துச்சு, எங்கயும் போகல. தேடுறதுக்குத்தான் ஆளும் லேபும் இல்லாம போச்சு.

2016ல வந்த ஒரு உலகளாவிய ஆய்வு வருஷத்துக்கு சுமார் 1,65,000 பேருக்கு இது வருது, அதுல 89,000 பேர் சாகறாங்கன்னு மதிப்பிட்டுது, அதுல 44 சதவீதம் தெற்காசியாலதானாம். மதிப்பீடுதான், ஒத்துக்கறேன், ஒவ்வொருத்தரா எண்ணினது இல்ல. ஆனா அதுல பாதி உண்மையா இருந்தாலும் அபூர்வம்னு எழுத முடியுமா சார்?

நிஜமாவே அபூர்வமான தொற்றுக்கு ஒண்ணு சொல்றேன். நாய் எச்சில்ல இருந்து ரத்தத்துல ஏறுற கேப்னோசைட்டோஃபாகான்னு ஒரு கிருமி இருக்கு. டென்மார்க்ல அது பத்து லட்சம் பேருக்கு வருஷம் அரை ஆளுதான்னு எண்ணி வச்சிருக்காங்க. அதாவது நாடு முழுக்க ரெண்டு மூணு பேர். அந்த ரெண்டு மூணு பேரையும் விடாம பிடிக்கற அளவுக்கு அங்க கல்ச்சர் எடுக்கறாங்க, அதனால அவங்க அபூர்வம்னு சொன்னா நம்பலாம்.

எண்ணிட்டா மட்டும் என்ன ஆகப்போகுதுன்னு கேப்பீங்க. ஆஸ்திரேலியால டார்வின்னு ஒரு ஊர், அங்க 1989ல இருந்து மெலியாய்டோசிஸ் கேஸ ஒண்ணு விடாம எழுதிட்டு வராங்க. 30 வருஷத்துல 1,148 பேர், அதுல பாதிக்கு மேல ரத்தத்துலயே கிருமி. மொத அஞ்சு வருஷத்துல 100 பேருக்கு 31 பேர் செத்தாங்க, கடைசி அஞ்சு வருஷத்துல 6 பேர். மழைக்காலம் வந்தாலே, இது சுலபமா தாக்கற சுகர் பேஷன்ட் காய்ச்சல்னு வந்தா அங்க டாக்டருங்களுக்கு மொத சந்தேகமே இதுலதான். இங்க நுரையீரல்ல சளி, ஆறாத சீழ்னு வந்தா டிபி மாத்திரை ஆரம்பிச்சிடறோம், இல்லன்னா எல்லாத்துக்கும் போடற செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி, அது இதுக்கு சரியா கேக்காது. செஃப்டாசிடைம் இல்லன்னா மெரோபெனம் ரெண்டு வாரமாவது நரம்புல ஏத்தி, அப்புறம் மூணு மாசம் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை முழுங்கணும்.

வாணியம்பாடி விஷயம் மறந்துடுச்சா? ஒரு பல் கிளினிக்ல இருந்து இதே கிருமி மூளை வரைக்கும் போய் 2023ல 8 பேர் செத்தாங்க. வேலூர் சிஎம்சிலயும் அரசு சைடுலயும் தோண்டினதால வெளிய வந்துச்சு.

மழை பேஞ்சா கணேசபுரம் சப்வே முங்குது, முழங்கால் தண்ணில சாக்கடையும் கலந்து ஓடுது, அதுல கால்ல புண்ணோட நடக்கற சுகர்காரங்க எங்க ஏரியால எத்தன பேர்னு நான் சொல்லித் தெரிய வேணாம்.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் மழை சீசன்ல டெங்கு எத்தன பேருக்குன்னு சுகாதாரத்துறைய விடாம கேட்டு முதல் பக்கத்துல போடறீங்க இல்ல, அதே மாதிரி வடசென்னை அரசு ஆஸ்பத்திரிகள்ல இந்த சீசன்ல பிளட் கல்ச்சர் எத்தன எடுத்தாங்க, எத்தனைல கிருமி வளந்துச்சு, அது எந்தக் கிருமின்னு கேட்டு எழுதுங்க. பதில் வரலன்னா வரலன்னும் எழுதுங்க. கூடவே, சுகர் இருக்கறவங்களுக்கு காய்ச்சல் வந்து ரெண்டு மூணு நாள் விடலன்னா ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னாடியே கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேக்கணும்னு ஒரு கட்டம் கட்டிப் போட்டீங்கன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
வியாசர்பாடி, சென்னை-39