இரண்டு போன், ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நேற்று மத்தியானம் நீ போன் பண்ணினாய், ராத்திரி என் மருமகள் பண்ணினாள். சைக்கிள் டூர் பாதியில் நின்று இரண்டு பேரும் ஆஸ்திரியாவில் லின்ஸில் ஒரே அறையில்தான் இருக்கிறீர்கள், ஆனால் மற்றவர் வெளியே போன நேரம் பார்த்து எனக்குப் பேசுகிறீர்கள். போனிலேயே பதில் சொன்னால் யாராவது ஒருத்தர் பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும், அதனால் எழுதுகிறேன். இதை அவளும் படிக்கட்டும், படித்துவிட்டு ஒளித்து வைக்காதே.

உன் கதை: டான்யூப் ஆற்றோரமாக வியன்னாவுக்கு மிதித்துப் போக ஜெர்மனியில் பாஸாவில் கிளம்பி லின்ஸ் வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி உடைந்துவிட்டது, கடை கிடைத்துச் சரிசெய்வதற்குள் ஒரு நாள் போய்விட்டது, அதற்குள் அவளுக்கு முட்டி வலி, தினம் 80 கிலோமீட்டர் என்று போட்ட கணக்கு போச்சு, வியன்னாவில் கட்டின ரூம் பணமும் போச்சு. அவள் கதை இவ்வளவு நீளம் இல்லை. "அத்தை, அவர் முன்னாடியே போய் எங்கேயாவது நின்று காத்திருப்பார், நான் போய்ச் சேர்ந்ததும் 'சரி, போலாமா' என்று ஏறிவிடுவார்" என்றாள், அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. நீ காத்திருக்கிற பத்து நிமிஷமும் உனக்கு ஓய்வுடா. மூச்சு வாங்க அவள் வந்து நிற்கும்போது உனக்கு ஓய்வு முடிந்துவிட்டது, அவளுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அப்படியே நாள் முழுக்க ஓட்டினால் நீ ஏழெட்டு முறை உட்கார்ந்து எழுந்திருப்பாய், அவள் ஒரு முறைகூட உட்கார்ந்திருக்க மாட்டாள். சாயங்காலம் "நாம் இத்தனை பிரேக் எடுத்தோமே, இன்னும் என்ன களைப்பு" என்று நீயே கேட்பாய். கேட்டாயா இல்லையா? உங்கப்பா கேட்டார்.

நானும் அப்பாவும் பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போனதில் நீ பார்த்தது குடும்ப குரூப்பில் வந்த படங்களைத்தான், அதுவும் கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலை பின்னால் தெரிய இரண்டு பேரும் இளித்துக்கொண்டு நிற்கிற படம். நடுவில் நடந்தது எதுவும் குரூப்பில் வரவில்லை, உங்கள் பெரியப்பா "ஆடி மாதத்தில் யாராவது புறப்படுவார்களா" என்று முதல் நாளே ஆரம்பித்திருந்தார், அவருக்குத் தீனி போட எனக்கு இஷ்டமில்லை.

அப்பாவின் கணக்கு உனக்குத் தெரியும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கன்னியாகுமரி கடலோரம், அப்படியானால் வழியெல்லாம் இறக்கம்தானே என்றார். அல்சூரில் விடியற்காலை கிளம்பி, சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி, அத்திபெலே தாண்டி ஓசூரில் இட்லி சாப்பிடும் வரைக்கும் அந்தக் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. கிருஷ்ணகிரி வரைக்கும்கூட. தொப்பூர் கணவாயும் எங்கள் திசைக்கு இறக்கம்தான், ஆனால் சேலம் பக்கம் இறங்குகிற லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் மோதுவதற்குப் பேர் போன இடம் அது, நான் பாதி தூரம் ஓரத்தில் தள்ளிக்கொண்டே இறங்கினேன். அப்பா கீழே போய் நின்று எனக்காக டீ சொல்லி, அது ஆறி, அவரே குடித்துவிட்டு, நான் வந்ததும் "போலாமா" என்றார்.

அங்கேயே ஒரு சண்டை. விவரம் வேண்டாம். முடிவு மட்டும் சொல்கிறேன்: அன்றிலிருந்து நான் முன்னால், அவர் பின்னால். மெதுவாகப் போகிறவர் முன்னால் போனால் வேகம் தானாகவே சரியாகிவிடும், பின்னால் வருகிறவருக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான் நஷ்டம். நின்றால் இரண்டு பேரும் ஒன்றாக நிற்கிறோம், ஒன்றாகக் கிளம்புகிறோம்.

ஸ்போக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீ இதை ஏதோ உனக்கு மட்டும் வந்த கஷ்டம் மாதிரி சொன்னாய். எங்களுக்கு நாமக்கல் தாண்டி உடைந்தது, அப்பாவின் பின்சக்கரம், பல்சக்கரம் இருக்கிற வலது பக்கம். பெரும்பாலும் அங்கேதான் உடையும், அந்தப் பக்கக் கம்பிகளுக்குத்தான் இழுப்பு அதிகம், மூட்டை முழுக்கப் பின் கேரியரில் வேறு. உபரி கம்பிகள் எங்களிடம் இருந்தன, பல்சக்கரத்தைக் கழற்றுகிற சாவிதான் இல்லை. அதைக் கழற்றாமல் அந்தப் பக்கம் கம்பியைக் கோர்க்கவே முடியாது. அப்பா ரோட்டோரத்தில் உட்கார்ந்து பெங்களூருக்குத் திரும்பிவிடலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு சைக்கிள் கடை, வயசான ஒரு அண்ணாச்சி, கியர் சைக்கிளை அவர் அதிகம் பார்த்த மாதிரி தெரியவில்லை. சக்கரத்தைக் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்சக்கரத்துக் கம்பி வேண்டாம், முன்சக்கரத்துக்கு வைத்திருந்த உபரி கம்பியை எடுங்கள், அதுதான் சற்று நீளம் என்றார். கட்டிங் பிளேயரால் அதன் தலையை நறுக்கினார். நறுக்கிய முனையை இரண்டு இடத்தில் மடக்கி, மாடிப்படி மாதிரி ஒரு கோணல் செய்து, அதைப் பல்சக்கரத்துக்குப் பின்னாலிருக்கிற இடுக்கு வழியாக விட்டு சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்பின் ஓட்டையில் கொக்கி மாதிரி மாட்டினார். மறுமுனையை ரிம்மில் கம்பியைப் பிடிக்கிற நிப்பிளில் திருகி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலிருக்கிற இடைவெளியைப் பார்த்துப் பார்த்துக் கோட்டம் எடுத்தார். எந்தச் சாவியும் இல்லை. "மதுரை போனதும் நல்ல கம்பி போட்டுக்கோங்க" என்றார், மதுரையில் போட்டோம், அதுவரைக்கும் அந்தக் கொக்கி அசையவில்லை.

உனக்கு அங்கே ஒரு கம்பியைத்தான் மாற்றினார்கள் என்றாய். ஒன்று உடைந்தால் மற்றவற்றிலும் இழுப்பு ஒழுங்காக இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம், அப்படியானால் இன்னொன்று உடையும். வலது பக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார், சத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று தொளதொளவென்று இருந்தால் கடைக்குத் திரும்பிப் போ. மூட்டையில் பாதியை முன்னால் மாற்று.

அவள் முட்டி. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன், முன்பக்கம், சில்லுக்குக் கீழே என்றாள். நீ கேட்டாயா என்று நான் கேட்கப் போவதில்லை. முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது. வாடகை சைக்கிள், கால் தரையில் எட்ட வேண்டுமே என்று அவள் தாழ்த்தி வைத்திருப்பாள், நானும் முதலில் கப்பன் பார்க்கில் ஓட்டும்போது அப்படித்தான் வைத்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காரட்டும், குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டு போகட்டும், கால் நேராக நீள வேண்டும். அதுதான் உயரம். ஒரேயடியாக ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. அப்புறம் கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிக்க வேண்டாம் என்று சொல், லேசான கியரில் காலைச் சீக்கிரம் சீக்கிரம் சுற்றினால் முட்டிக்குப் பாரம் குறையும். இதற்கும் கேட்காமல் வீங்கினால் டாக்டரிடம் போங்கள், அதில் பேச்சு வேண்டாம்.

வண்டியில் ஏறுவது பற்றி. ரயிலில் போனால் டூர் டூராகாது என்று நீ சொன்னதாக அவள் சொன்னாள். இதே பேச்சை நான் சாத்தூருக்கு முன்னால் ஒரு டீக்கடை பெஞ்சில் கேட்டிருக்கிறேன். விருதுநகர் வெயில், அப்பா வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டு வந்தார், சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, திடீரென்று இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கவே முடியவில்லை. ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்து, பெஞ்சில் படுக்க வைத்து, நான் போய் ஒரு குட்டி யானை, அதுதான் அந்தச் சின்ன லோடு வண்டி, பிடித்தேன். சைக்கிள் இரண்டையும் கயிறு போட்டுக் கட்டி, நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கோவில்பட்டி வரைக்கும் வந்தோம். வழியெல்லாம் புலம்பல், பெங்களூரிலிருந்து மிதித்தே வந்தோம் என்று இனிமேல் எப்படிச் சொல்வது என்று. கேட்டால் நடுவில் கொஞ்ச தூரம் யானை மேல் வந்தோம் என்று சொல்லுங்கள் என்றேன். அதற்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கிப் பையில் நிறைத்துக்கொண்டோம், மிதிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது, வெல்லம் உடனே வேலை செய்யும், கடலை கொஞ்ச நேரம் தாங்கும். நீங்களும் பசி வருவதற்கு முன்னாலேயே ஏதாவது சாப்பிடுங்கள். உங்கள் சண்டையில் பாதி சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் வந்திருக்கும், யோசித்துப் பார்.

காற்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பணகுடி தாண்டி காவல்கிணறு வரைக்கும் இரண்டு பக்கமும் காற்றாலை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று அம்மியை நகர்த்துமோ என்னவோ, என்னை நகர்த்தியது. தெற்கே போகிறோம், காற்று மேற்கிலிருந்து, அதாவது வலது கைப் பக்கம். வலது பக்கம் சாய்ந்தபடியே ஓட்ட வேண்டும். ஒரு லாரி வலப்புறம் கடந்து போகும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், சாய்ந்திருக்கிற நாம் லாரிப் பக்கமே போவோம், லாரி போனதும் சேர்த்து வைத்து ஒரு அறை, இடது பக்கம் மண்ணில் இறக்கிவிடும். அங்கே மட்டும் முறையை மாற்றினோம். அப்பா முன்னால், நான் அவருக்குப் பின்னால் சற்று இடப்புறம் ஒதுங்கி, அவர் காற்றைத் தாங்கிக்கொண்டார். வேகம் மட்டும் என்னுடையது, நான் "மெதுவா" என்று கத்தினால் அவர் குறைக்க வேண்டும், கத்தியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. உங்களுக்கு டான்யூபில் பெரும்பாலும் மேற்குக் காற்று என்கிறார்கள், கிழக்கே போகிறவர்களுக்கு அது முதுகில் அடிக்கும், கொடுத்து வைத்தவர்கள்.

அதனால் நான் சொல்வது இது. வியன்னா ரூம் போனது போகட்டும், அந்தப் பணத்தைத் துரத்திக்கொண்டு போகாதே. இன்னும் ஒரு நாள் லின்ஸிலேயே இருங்கள். அப்புறம் சைக்கிளுக்கும் டிக்கெட் எடுத்து ரயிலில் மெல்க் போய் இறங்குங்கள், அங்கிருந்து கிரெம்ஸ் வரைக்கும் வாஹாவ் பள்ளத்தாக்கு, 40 கிலோமீட்டர்கூட இராது, ஆற்றோரமாகத் திராட்சைத் தோட்டமும் அப்ரிகாட் மரமும் என்று நீதானே படம் அனுப்பினாய். அதை ஒரு நாளில் முடிக்காமல் இரண்டு நாளாக்கினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அவள் முன்னால். எங்கே நிற்பது என்பதை வலி இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும், நீ வாயைத் திறக்காதே.

அப்பாவிடம் சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், மத்தியானத்திலிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் நேரம் சாயங்காலம் 5 மணிக்கு வீடியோவில் கூப்பிடு, இங்கே எட்டரை, சாப்பாடு முடிந்திருக்கும். அவள் சீட்டில் உட்காரட்டும், நீ போனைப் பக்கவாட்டில் பிடி, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அவர் பார்க்க வேண்டுமாம்.

அம்மா