கணக்கில் வராத 19 சீசன்கள்

மதிப்பிற்குரிய நெப்ராஸ்கா பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதும் மடல் உங்கள் மேசைக்கு நேராக வந்து சேராது என்று தெரியும். பரவாயில்லை. சனிக்கிழமை ஆனால் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு லிங்கன் நகர மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வண்டி கட்டும் தமிழர்கள் ஒமாஹாவிலும் லிங்கனிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது உங்கள் காதில் போடட்டும். (இந்தப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்.)

கேட்க வந்தது இதுதான். உங்கள் சட்டையைப் போட்டு ஆடி, பிறகு உங்களிடமே சம்பளத்துக்கு வந்த பழைய மாணவர்களை எதை வைத்து எடைபோடுகிறீர்கள்? கடந்த சில பத்தாண்டுகளைப் பார்த்தால் ஒரு முறை கோபத்தை வைத்தும், இன்னொரு முறை பாசத்தை வைத்தும் எடைபோட்டது போலத்தான் தெரிகிறது.

ஃபிராங்க் சொலிச்சை எடுத்துக்கொள்வோம். பாப் டெவானி பயிற்சியாளராக இருந்த 1960-களில் உங்களுக்கு ஃபுல்பேக் (பந்தோடு முட்டி ஓடவும், மற்றவர் ஓட வழிவிடவும் வேண்டிய இடம்) ஆடியவர். அந்த இடத்துக்கு ஆள் ரொம்பச் சின்ன உருவம். ஆனாலும் 1965-ல் ஏர் ஃபோர்ஸ் அணிக்கு எதிராக 204 யார்டு ஓடினார். ஒரே ஆட்டத்தில் 200-ஐத் தாண்டிய முதல் நெப்ராஸ்கா ஆட்டக்காரர் அவர்தான். படிப்பு முடிந்ததும் ஒமாஹாவிலும் லிங்கனிலும் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 1979-ல் அன்றைய தலைமைப் பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்ன் அவரை அழைத்து முதலாண்டு மாணவர் அணியை ஒப்படைத்தார். 1983-லிருந்து ரன்னிங் பேக்குகளுக்கு, அதாவது பந்தை வாங்கி ஓடுகிறவர்களுக்கு, பயிற்சியாளர். 1997 முடியும்வரை அதே வேலைதான்.

அந்த வேலை டிவியில் தெரியாது. ஆஸ்பர்னின் ஆப்ஷன் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்துபவர்) பந்தோடு பக்கவாட்டில் ஓடுவார். பின்னால் வரும் ஐ-பேக் (முக்கிய ரன்னிங் பேக்குக்கு உங்கள் ஊர்ப் பெயர்) நான்கைந்து யார்டு தள்ளி, அந்த இடைவெளி கூடாமல் குறையாமல் கூடவே ஓடிவர வேண்டும். எதிராளி குவார்ட்டர்பேக் மேல் பாய்கிற நொடியில் பந்து பக்கவாட்டில் பறந்து வரும். ஒரு எட்டு முந்தினால் பந்து முதுகுக்குப் பின்னால் போகும். ஒரு எட்டு பிந்தினால் பந்தோடு சேர்த்து ஆளையும் அமுக்கிவிடுவார்கள். இதை 18, 19 வயதுப் பையன்களுக்கு வருடா வருடம் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சொலிச் அந்தப் பொறுப்பை ஏற்ற 1983-லேயே மைக் ரோஸியர் 2,148 யார்டு ஓடி, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். 1994, 1995, 1997 என்று மூன்று தேசியப் பட்டங்கள் வந்தபோதும் ஐ-பேக்குகள் அவர் கையில்தான் இருந்தார்கள்.

ஆனால் பயிற்சியாளர் என்ற முறையில் உங்கள் வெற்றி-தோல்விப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது 58 வெற்றி, 19 தோல்வி மட்டும்தான். அது 1998 முதல் 2003 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஆறு வருடக் கணக்கு. அதற்கு முந்தைய 19 சீசன்கள் அந்தக் கணக்கில் வராது.

அந்த ஆறு வருடத்திலும் சொல்ல நிறைய இருக்கிறது. 2001 அக்டோபரில் ஓக்லஹோமாவுடன் நடந்த ஆட்டத்தை யார் மறப்பார்கள்? குவார்ட்டர்பேக் எரிக் கிரவுச் பந்தைத் தண்டர் காலின்ஸிடம் கொடுக்க, அவர் எதிர்ப்பக்கம் ஓடிவந்த மைக் ஸ்டன்ட்ஸிடம் கொடுக்க, ஸ்டன்ட்ஸ் அதைக் கிரவுச்சுக்கே வீசினார். 63 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன், 20-10 என்று வெற்றி. கிரவுச்சுக்கு அந்த வருடம் ஹைஸ்மன் கிடைத்தது. அணி தேசியப் பட்டத்துக்கான ஆட்டம்வரை போய் மியாமியிடம் தோற்றது.

அப்புறம் சரிவு வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2002-ல் 7-7, அதாவது ஏழு வெற்றி, ஏழு தோல்வி. நாற்பது வருடமாகத் தோல்வியைவிட வெற்றியையே அதிகம் பார்த்துவந்த ஊருக்கு அது பெரிய அடி. 2003-ல் சொந்த மைதானத்திலேயே கான்சாஸ் ஸ்டேட்டிடம் 38-9 என்று தோல்வி. அன்றைய இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் கவலைப்பட்டதில் தப்பு சொல்ல மாட்டேன். நவம்பர் 28-ம் தேதி கொலராடோவை அவர்கள் ஊரிலேயே 31-22 என்று வென்று அந்த வருடக் கணக்கை 9-3 ஆக்கிய மனிதரை மறுநாளே வேலையைவிட்டு அனுப்பியதைத்தான் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. அணி சராசரியாகிவிட விடமாட்டேன் என்று பெடர்சன் காரணம் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் அவரும் நெப்ராஸ்காவில் பிறந்து உங்களிடமே பட்டம் வாங்கியவர். அடுத்து வந்த பில் காலஹனின் நான்கு வருடத்தில் 27-22. 2007-ல் பெடர்சனே வெளியேற வேண்டியதாயிற்று.

இதில் சொலிச் கையும் முழுக்கச் சுத்தம் என்று சொல்லமாட்டேன். 2002 முடிந்ததும் தற்காப்புப் பிரிவின் பொறுப்பாளர் கிரெய்க் போலை அவர் அனுப்பினார். போல் லிங்கன் பையன், உங்களுக்கு ஆடியவர், 1995 முதல் உங்கள் ஊழியர். போனவர் நார்த் டகோட்டா ஸ்டேட்டில் 2011, 2012, 2013 என்று தொடர்ந்து மூன்று எஃப்சிஎஸ் (கல்லூரி ஃபுட்பாலின் இரண்டாம் அடுக்கு) தேசியப் பட்டம் அடித்தார். சொலிச் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 115 ஆட்டம் வென்றார். அந்த மைதானத்துக்கு இப்போது அவர் பெயர்தான். 1980-களின் குவார்ட்டர்பேக் டர்னர் கில், 1992 முதல் 2004 வரை உங்களிடம் பயிற்சியாளராக இருந்துவிட்டு, யாரும் சீண்டாத பஃபலோ பல்கலைக்கழக அணியை 2008-ல் மேக் என்ற லீகின் சாம்பியன் ஆக்கினார். கான்சாஸில் அவர் சறுக்கியதும் உண்மைதான். ஆனாலும் உங்களிடம் வேலை கற்ற மூன்று பழைய மாணவர்கள் வேறு வேறு ஊரில் போய் ஜெயித்திருக்கிறார்கள். துணைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் இவர்கள் கற்றது என்ன என்று அன்றைக்கு உங்கள் அலுவலகத்தில் யாராவது ஃபைலைப் புரட்டினார்களா?

இதற்கு நேர்மாறாக ஸ்காட் ஃபிராஸ்ட் விஷயத்தில் பாசம் கண்ணை மறைத்தது. 1997 பட்டத்தின் குவார்ட்டர்பேக், வுட் ரிவர் ஊர்க்காரர், யுசிஎஃப் (சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம்) அணியை 13-0 ஆக்கிவிட்டு வந்தவர். அழைத்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். 2021-ல் ஒன்பது தோல்வி, ஒன்றிலும் வித்தியாசம் 10 புள்ளியை எட்டவில்லை. கடைசி நிமிடங்களில் ஒரே மாதிரித் தப்புகள் திரும்பத் திரும்ப நடந்தன. அந்த வருடமே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நம்ம பையன் என்று தள்ளிவைத்தீர்கள். 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற மறுநாள் 16-31 கணக்கோடு அனுப்பினீர்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பியதற்குத் தர வேண்டிய சுமார் 1.5 கோடி டாலர் நஷ்டஈடு பாதியாகியிருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் எங்கள் ஊரில்.

2024 ஏப்ரலில் வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்குச் சொலிச்சை அழைத்து மரியாதை செய்தீர்கள். நல்ல காரியம். அதற்கு இருபது வருடம் ஆனது.

ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். தலைமைப் பயிற்சியாளர் போனால் துணைப் பயிற்சியாளர்களும் கூண்டோடு போவது இந்தத் தொழிலின் வழக்கம். புதிதாக வருகிறவர் தன் ஆட்களைக் கூட்டிவருவார், அதைத் தடுக்கச் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு மேல் உங்களிடம் வேலை பார்த்த துணைப் பயிற்சியாளருக்காவது, அவர் பழைய மாணவரோ இல்லையோ, மேலே யார் வந்தாலும் போனாலும் ஒரு சீசன் வேலை உறுதி என்று கான்ட்ராக்டில் எழுதுங்கள். பழைய மாணவர் யாரையாவது தலைமைப் பொறுப்புக்கு யோசித்தாலும், அனுப்ப யோசித்தாலும், அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் சேர்ந்தபோது எப்படி இருந்தார்கள், போகும்போது எப்படி ஆனார்கள் என்ற விவரத்தை முதலில் மேசையில் வையுங்கள். அந்தப் பட்டியலில் சொலிச் பெயருக்கு எதிரே 1979-லிருந்து ஒரு பத்தி சேருங்கள். ரோஸியரில் ஆரம்பித்து அவர் பயிற்சி கொடுத்த ரன்னிங் பேக்குகளின் பெயர்களை அதில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒமாஹாவிலிருந்து ஒரு ஹஸ்கர் (நெப்ராஸ்கா அணி) ரசிகன்