பலூன் செத்த இடத்தில் மணி அடிக்காதீர்கள்

நெல்லைச் சீமைப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் காட்டும் பொறுப்பில் இருக்கும் அலுவலர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நல்ல படம் காட்டவேண்டும் என்று 2022-இல் தொடங்கிய ஏற்பாட்டின் அருமை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதைக் குறை சொல்ல இந்த மடல் எழுதவில்லை. புரொஜெக்டர் ஓட்டியும் ஸ்பீக்கர் கட்டியும் பிழைக்கிறவர்கள், படங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் எனச் சிலர் சேர்ந்து, அந்த ஏற்பாடு வகுப்பறைக்குள் வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று சொல்லவே எழுதுகிறோம்.

போன மாதம் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு பள்ளியில் 7-ஆம் வகுப்புக்கு ‘சிவப்பு பலூன்’ போட்டார்கள். 1956-இல் வந்த பிரெஞ்சுப் படம். 34 நிமிடம்தான். வசனம் மிகக் குறைவு என்பதால் மொழி தெரியாத பிள்ளையும் ஒட்டிக்கொள்ளலாம். சாம்பல் பூத்த பாரிஸ் தெருக்களில் ஒரு பையன், அவன் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி வரும் ஒரு பலூன். தெரு, சுவர், பையனின் சட்டை எல்லாமே மங்கல். பலூன் ஒன்றுதான் ரத்தச் சிவப்பு. படமே அந்தச் சிவப்பில்தான் நிற்கிறது.

அன்று ஆறு ஜன்னலும் திறந்திருந்தன. பின்வரிசைக்கு மேலே டியூப்லைட்டும் எரிந்தது. சிவப்பின் மேல் வெள்ளை வெளிச்சம் விழுந்தால் அது சிவப்பாக இருக்காது. சுவரில் மிதந்தது பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஏதோ ஒன்று. பையன் எது, சுவர் எது என்று முன்வரிசைக்கே தெரியவில்லை. வயர் மாட்டி, பெயர் கூப்பிட்டு முடிக்க 9 நிமிடம் போயிருந்தது. 40 நிமிடப் பீரியடில் மிச்சம் 31. முரட்டுப் பையன்கள் உண்டிவில்லால் அடித்து, பலூன் காற்றிறங்கிச் சுருங்கித் தரையில் கிடந்த இடத்தில் மணி அடித்தது. லேப்டாப்பை மூடிவிட்டார்கள்.

மிச்சம் இருந்த சில நிமிடங்களில் என்ன வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் உள்ள அத்தனை பலூன்களும் கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தப் பையனிடம் வருகின்றன. அவனைத் தூக்கிக்கொண்டு வானத்தில் போகின்றன. 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. “பலூன் செத்துட்டுல்லா சார், பொறவு என்னாச்சு?” என்று ஒரு பையன் கேட்டான். அடுத்த பீரியடு கணக்கு.

நம் ஊரில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கிறோம். முத்துப்பட்டன் கதை பாடுகிறவர், மாடு களவாட வந்தவர்களின் சூழ்ச்சியில் பட்டன் மாண்டதோடு வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனால் ஊர் விடுமா? அவன் மனைவியர் பொம்மக்கா, திம்மக்கா தீப்பாய்ந்து, பட்டன் தெய்வமாகி நிலையம் கொண்டு, சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாகச் செருப்புக் காணிக்கை வாங்குகிற வரைக்கும் பாடினால்தான் அது கதை. பாதியில் நிறுத்தினால் அது வெறும் சாவு. எழுத்தறியாத பெரியவர்களும் இதை அறிந்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தெரியாமல் போகலாமா?

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: படத்தை இருட்டில், காதில் விழும்படி, முழுதாக ஒரே இருப்பில் காட்டுங்கள். முடியாத மாதம் காட்டாதீர்கள்.

முதலில் இருட்டு. புரொஜெக்டர் மங்கல் என்று பல பள்ளிகளில் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது பழுதல்ல, அறைதான் வெளிச்சம். புரொஜெக்டர் பெட்டியில் போட்டிருக்கும் 3000 லூமென் (அது வெளிவிடும் மொத்த ஒளி) மெய்யானால், 10 அடி அகலம் 5½ அடி உயரச் சுவரில் விழுவது ஏறத்தாழ 580 லக்ஸ் (சதுர மீட்டருக்கு இத்தனை லூமென்). நல்ல வெள்ளைச் சுவர் அதைத் திருப்பித் தரும்போது கண்ணுக்குத் தெரியும் பளிச்சு சதுர மீட்டருக்கு 150 கேண்டிலா அளவுக்கு வரும். டிஜிட்டல் தியேட்டர் திரைக்கு வகுத்திருக்கும் தரமே 48 கேண்டிலாதான். அதாவது, இருட்டு மட்டும் இருந்தால் உங்கள் வகுப்பறை தியேட்டரைவிட மூன்று மடங்கு பளிச்சென்று இருக்கும். ஆனால் வகுப்பில் எழுதப் படிக்க வேண்டிய வெளிச்சம் சுமார் 300 லக்ஸ். அது அப்படியே சுவரிலும் விழுந்தால், படத்தின் வெள்ளை அதன் கறுப்பைப்போல மூன்று மடங்குகூட இராது. இருட்டில் அது பல நூறு மடங்கு. இரவுக் காட்சி, நிழல், முகத்தில் ஓடும் சின்ன மாற்றம் எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

டூரிங் டாக்கீஸ்காரர்கள் பொழுதடையாமல் படம் போட்டதில்லை. கொட்டகையை இருட்டாக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். பள்ளியில் ராத்திரிக் காட்சி வைக்க முடியாதுதான். பிள்ளைகள் பஸ் பிடித்து ஊர் போகவேண்டும். அதனால் பகலைத்தான் அடைக்க வேண்டும். நான்கடிக்கு நான்கடி ஜன்னலுக்கு நாலு பக்கமும் ஓரடி கூடுதலாக விட்டு, ஆறடிக்கு ஆறடி கறுப்புக் காடாத் துணியை இரண்டு மடிப்பாகப் போடவேண்டும். ஒரு மடிப்பு போதாது, வெயில் ஊடுருவும். ஒரு கஜ அகலத் துணி என்றால் ஆறு ஜன்னலுக்கு 44 மீட்டர். ஒருமுறை தைத்து மேல் விளிம்பில் வளையம் போட்டுவிட்டால் பல வருடம் வரும். துணிக்கு வழியில்லையா, நெல்மூட்டை மூடுகிற கறுப்புத் தார்ப்பாய் போதும். பத்தமடையில் நெய்யும் சாதாரணக் கோரைப்பாய் இரண்டைச் சேர்த்துத் தொங்கவிட்டாலும் ஆகும். அது எதிரொலியையும் குறைக்கும்.

புழுக்கம் ஒரு நியாயமான கவலை. 60 பிள்ளைகளை அடைத்து வைத்த அறையில் பங்குனி, சித்திரையில் உட்கார முடியாது. திரை இருக்கும் அதே சுவரில் உள்ள ஜன்னலின் மேல்பாதியைத் திறந்து வையுங்கள். அந்த வெளிச்சம் திரைமேல் நேராக விழாது. பிள்ளைகளின் கண்ணில் அடிக்காதபடி வெளியே ஒரு பாயைச் சரித்துக் கட்டினால் போதும். பக்கச் சுவரையும் எதிர்ச் சுவரையும் முழுக்க மூடுங்கள். மத்தியானத்துக்குமேல் மேற்கு ஜன்னல் உள்ள அறை வேண்டாம். மின்விசிறி ஓடட்டும், ஆனால் புரொஜெக்டரின் ஒளி இறக்கைகளுக்குக் கீழே போகும்படி வையுங்கள். இல்லாவிட்டால் படம் முழுக்க நிழல் அடித்துக்கொண்டே இருக்கும். போதுமான இருட்டா என்று பார்க்கக் கருவி வேண்டாம். புரொஜெக்டரை அணைத்துவிட்டுத் திரையருகே நின்று பாடப்புத்தகத்தைப் பிரியுங்கள். எழுத்து படிக்க முடியாவிட்டால் தொடங்கலாம்.

சுவருக்கு எண்ணெய்ப் பெயின்ட் கூடாது, நடுவில் விளக்கு எரிவதுபோல் ஒரு வட்டம் பளபளக்கும். வெள்ளைப் போர்டிலும் அதே கதைதான். நீலம் கலந்த சுண்ணாம்பு முகங்களின் நிறத்தைக் கெடுக்கும். பளபளப்பில்லாத வெள்ளை டிஸ்டெம்பர் அடித்து, சுற்றி நாலு விரற்கடைக் கறுப்புப் பட்டை போடுங்கள். படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தால் தரையில் இருக்கும் கடைசிப் பிள்ளைக்கும் தெரியும். புரொஜெக்டரின் தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டித் துடையுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் பதினைந்து நாளிலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சூடேறித் தானாக அணையும். பழுது என்று மூட்டைகட்டி வைத்துவிடுவார்கள். படம் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். உள்விசிறி நின்ற பிறகே அணைக்க வேண்டும், இல்லையேல் விளக்கின் ஆயுள் குறையும்.

ஒலிக்கு வருவோம். காலை வழிபாட்டுக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலேயே படத்தையும் விடுகிறார்கள். அது அறிவிப்புக்குச் செய்தது. அடிச்சுருதி அதில் வராது, மென்குரல் கிழியும். புரொஜெக்டரின் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. இரண்டு சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர்கள் போதும். திரையின் இரு பக்கமும், உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தலைக்குச் சற்று மேலே வையுங்கள். திரையில் பேசுகிறவன் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்குமே தவிர படத்துக்குள் போகாது. புளூடூத்தில் மாட்டாதீர்கள். அது பல நேரம் விநாடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு பிந்தும். படம் விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது, அந்தப் பிந்தலில் மூன்று நாலு பிரேம் போய்விடும், வாய் ஒன்று சொல்ல குரல் வேறொன்று சொல்லும். வயர் போடுங்கள். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலிதான் கூடும். தரையில் ஜமுக்காளம், பின்சுவரில் பாய், பிறகு அளவான சத்தம். இதுதான் வரிசை.

மற்றவை சின்னவை, ஆனால் படத்தைக் கொல்பவை. இன்டர்நெட்டில் ஓடவிடாதீர்கள், முந்தின நாளே பென்டிரைவில் ஏற்றி, முழுதும் ஓடுகிறதா என்று பாருங்கள். பென்டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. ஏறியது என்று நினைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். புரொஜெக்டரில் நேரடியாகச் செருகினால் சில கோப்புகளுக்குப் படம் வரும், சத்தம் வராது. லேப்டாப்பில் போடுவதே நல்லது. பத்து நிமிடத்தில் தூங்கிவிடும் அமைப்பையும் வாட்ஸ்அப் அறிவிப்பையும் நிறுத்துங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரமானவை. திரை நிறையவேண்டும் என்று இழுத்துவிட்டால் எல்லா முகமும் பூசணிக்காய் ஆகும். இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும், அது குறையல்ல.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். படம் சரியாகத் தெரியாவிட்டால் பிள்ளை “புரொஜெக்டர் சரியில்லை” என்று சொல்லாது, “படம் நல்லால்ல” என்றுதான் சொல்லும். பழி அறையின் மேல் விழாது, படத்தின் மேல் விழும். அந்தத் தீர்ப்பு இருபது வருடம் கழித்தும் மாறாது. வெளிச்சமான அறையும் குழாய் ஒலிபெருக்கியும் எந்த வகைப் படத்தைத் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணைக் குத்தும் நிறமும் காதைப் பிளக்கும் சத்தமும் உள்ள படம் எந்த அறையிலும் பிழைத்துக்கொள்ளும். மெல்லப் பேசும் படம், நிழலில் நடக்கும் படம், ஒரு முகத்தை வெகுநேரம் பார்த்திருக்கும் படம், இவைதான் அந்த அறையில் முதலில் சாகும். அப்படியானால் அந்த அறையே பிள்ளைகளின் ரசனையைத் தீர்மானிக்கிறது. சத்தமில்லாத படம் என்றால் சலிப்பு என்று ஒரு தலைமுறைக்குப் பாடம் நடத்துகிறோம், நல்ல படம் காட்டுகிறோம் என்ற பெயரிலேயே. எண்ணெய்ப் பிசுக்கில் செய்த அல்வாவை முதலில் தின்ற குழந்தைக்குச் சம்பா கோதுமைப் பாலும் நெய்யும் சேர்ந்த அல்வாவின் ருசி எப்படிப் பிடிபடும்? முதலில் நாக்கில் படுவதுதான் அளவுகோல்.

ஆண்டு விழாவுக்குச் சீரியல் பல்பு கட்டப் பணம் வருகிறது. மேடைக்கு ஃபிளெக்ஸ் அடிக்கப் பணம் வருகிறது, அதில் எல்லார் படமும் இருக்கிறது. 44 மீட்டர் கறுப்புத் துணிக்கு மட்டும் எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று தெரியாமல் கோப்பு மேசை மேசையாகப் போகிறது. படம் காட்டியதற்கு ஆதாரமாகப் போட்டோ கேட்கிறார்கள், போட்டோவில் பிள்ளைகள் முகம் தெரிய வேண்டும் என்று விளக்கைப் போடச் சொல்கிறார்கள். பிள்ளைகள் படம் பார்த்தார்களா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. இதை எழுதும்போது கோபம் வருகிறது, மறைக்கவில்லை. நாள் முழுக்க வகுப்பெடுத்து, தேர்தல் வேலையும் கணக்கெடுப்பும் பார்க்கும் ஆசிரியர்கள் மேல் அந்தக் கோபம் இல்லை. அவர்களுக்கு யாரும் இந்த வேலையைச் சொல்லித்தரவில்லை, அதற்கென்று நேரமும் ஒதுக்கவில்லை.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறோம். படத்தின் நீளத்தோடு முன்னால் 15 நிமிடம், பின்னால் 15 நிமிடம் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். 34 நிமிடப் படத்துக்கு இரண்டு பீரியடு, ஒன்றரை மணிப் படத்துக்கு மத்தியானம் முழுதும். பின்னால் வரும் 15 நிமிடம் கேள்வித்தாள் கொடுக்க அல்ல, பிள்ளைகள் பேச. சப்டைட்டில் உள்ள படம் என்றால் கடைசி வரிசைக்குப் படிக்க முடிகிறதா என்று முதலிலேயே பாருங்கள். முடியாவிட்டால் அந்த மொழி தெரிந்த ஓர் ஆசிரியர் நடுவில் உட்கார்ந்து மெல்லச் சொல்லட்டும். மௌனப்பட நாளில் திரையோரம் நின்று கதை சொன்னவர்கள் நம் ஊர்க் கொட்டகைகளில் இருந்தார்கள். போட்டோ வேண்டுமானால் படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு எடுங்கள். அப்போது பிள்ளைகள் முகத்தில் படம் இருக்கும்.

எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் எங்களில் இருவர் வந்து ஜன்னல் அளந்து, ஸ்பீக்கர் வைத்து, ஒருமுறை ஓட்டிக்காட்டிவிட்டுப் போகத் தயார். கூலி வேண்டாம். காலை ஒன்பது மணிக்குள் வந்தால் வகுப்புக்கு இடைஞ்சல் இராது.

கடைசியாக, அந்த 7-ஆம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஒதுக்கி, ஜன்னலை மூடி, ‘சிவப்பு பலூன்’ படத்தை அவர்களுக்கு முதலிலிருந்து போடுங்கள். விட்ட இடத்திலிருந்து வேண்டாம். அவர்கள் இன்னும் அந்தச் சிவப்பையே பார்க்கவில்லை.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையில் திரையிடல் வேலை பார்ப்போரும் படம் விரும்புவோரும் சிலர்