எங்கள் முறை வருவதற்குள் முடிந்துவிடும் தேர்தல்: குடியரசுக் கட்சித் தேசியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குடியரசுக் கட்சித் தேசியக் குழுவின் 168 உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறேன். நானும் மனைவியும் ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறோம். திருச்சியிலிருந்து வந்து, கிரீன் கார்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, 2007-இல் குடியுரிமை வாங்கினேன். வாங்கிய மாதமே உங்கள் கட்சி வாக்காளனாகப் பதிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்பியாயிற்று. இங்கே தமிழில் எழுதுவதற்குக் காரணம், என்னைப் போலவே இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் மட்டும் புலம்பிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும்.

தமிழ்ப் பத்திரிகைகள் எங்களைப் பழமைவாதிகள் என்று எழுதும். அந்தச் சொல் எனக்கு என்றுமே ஒட்டவில்லை. உழைத்துச் சம்பாதித்ததில் அரசாங்கம் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும், பிள்ளையை வளர்ப்பது பெற்றவர் பொறுப்பு, கோயிலோ சர்ச்சோ அவரவர் நம்பிக்கையில் யாரும் கைவைக்கக் கூடாது, வரிசையில் நின்று வந்தவனுக்கு ஒரு மதிப்பு வேண்டும். நான் நம்புவது இவ்வளவுதான். என் அப்பா திருச்சியில் மளிகைக் கடை வைத்திருந்தபோது நம்பியதும் இதைத்தான். இதற்காகப் பேசக்கூடிய ஒருவரை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுப்பதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துத்தான் கட்சியில் பெயரைப் பதிந்தேன். அந்தப் பங்கு இதுவரை என் கைக்கு வரவில்லை.

பிரைமரி என்பது கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று கட்சி வாக்காளர்களே ஓட்டுப் போடும் தேர்தல். ஒவ்வொரு மாநிலமும் அதை வேறு வேறு நாளில் நடத்தும். என் முதல் பிரைமரி 2008 ஏப்ரல் 22. எங்கள் ஊரில் வாக்குச்சாவடி தீயணைப்பு நிலையத்து ஹாலில் இருக்கும். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசை போட்டிருப்பார்கள். அன்று வாசலைத் தாண்டிக் கூட்டம். ஹிலாரி கிளின்டனா, ஒபாமாவா என்று எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் வாதாடிக்கொண்டே நகர்ந்தார்கள். என் முறை வந்ததும், பதிவேட்டில் பெயரைத் தேடிய வயதான அம்மாள் என் கட்சியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நேரம் ஆகாது" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அது அப்படியே உண்மை. கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்பவர்கள் மாநிலங்கள் அனுப்பும் பேராளர்கள். எங்கள் கட்சியில் ஜான் மெக்கெய்ன் மார்ச் 4-ஆம் தேதியே தேவையான பேராளர்களைச் சேர்த்துவிட்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போன நான் ஏழு வாரம் தாமதமாகப் போய் நின்றிருந்தேன். அதே நாளில், அதே ஹாலில், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தங்கள் வேட்பாளரை உண்மையாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் 2012. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்த முறை எனக்குப் பிடித்திருந்தவர் மினசோட்டாவின் முன்னாள் ஆளுநர் டிம் பாலென்டி. லாரி ஓட்டுநரின் மகன். எதிர்க்கட்சிக்குச் செல்வாக்குள்ள மாநிலத்தில் இரண்டு முறை ஜெயித்தவர். 2011 ஆகஸ்ட் 13-ஆம் தேதி அயோவாவின் ஏம்ஸ் நகரில் ஒரு மாதிரி வாக்கெடுப்பு நடந்தது. 30 டாலர் டிக்கெட் வாங்கினால் ஓட்டு. பெரும்பாலும் வேட்பாளர்களே டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஆட்களை அழைத்து வந்தார்கள். மிஷெல் பாக்மன் 4,823 ஓட்டில் முதலாவதாக வந்தார். பாலென்டி மூன்றாவது. மறுநாள் காலையே அவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். நாட்டில் ஒரு மாநிலத்தில்கூட இன்னும் வாக்குப்பதிவு தொடங்கவில்லை. எங்கள் தேர்தலுக்கு எட்டு மாதம் இருந்தது.

2012 ஜனவரி 3, அயோவா காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி நடத்தும் வாக்கெடுப்பு. மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்தார் என்று அன்றிரவு அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, இல்லை, ரிக் சான்டோரம்தான் 34 ஓட்டு அதிகம், எட்டு வாக்குச்சாவடிகளின் கணக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றார்கள். அதற்குள் நியூ ஹாம்ப்ஷயரில் ராம்னி இரண்டாவது வெற்றியும் பெற்றுவிட்டதாகத் தொலைக்காட்சியெல்லாம் கொண்டாடி முடித்திருந்தது. எங்கள் ஊர் டவுன்ஷிப் தேர்தலில் ஒரு சாவடிக் கணக்கு காணாமல் போனால் ஊரே சும்மா விடாது. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாக்கெடுப்பில் எட்டுச் சாவடிகளின் கணக்கு போனது போனதுதான்.

சான்டோரம் எங்கள் மாநிலத்தின் முன்னாள் செனட்டர். அவருடைய எல்லாக் கருத்தும் எனக்கு ஒப்பானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொழிற்சாலை மூடிப்போன ஊர்களைப் பற்றி அந்த வருடம் உருப்படியாகப் பேசியவர் அவர். ஏப்ரல் 24 எங்கள் பிரைமரி. உள்ளூர் ஆதரவாளர்கள், பெரும்பாலும் ஒரே சர்ச்சைச் சேர்ந்தவர்கள், பத்தும் இருபதுமாகக் காசு போட்டு, வீட்டு வாசல் புல்வெளியில் நட்டுவைக்கும் போர்டு 300 அடிக்கச் சொல்லி எங்கள் அச்சகத்துக்கு வந்தார்கள். மார்ச் கடைசியில் வேலையைத் தொடங்கினோம். ஏப்ரல் 10-ஆம் தேதி மதியம் இரண்டாவது வண்ணம் ஏறிக்கொண்டிருந்தபோது வானொலியில் செய்தி வந்தது. சான்டோரம் கெட்டிஸ்பர்க்கில் நின்று, போட்டியை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எங்கள் கடையிலிருந்து கெட்டிஸ்பர்க் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். என் மனைவிதான் மெஷினை நிறுத்தினார். மை காயாத போர்டுகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே சுவரில் சாய்த்து வைத்தோம்.

அவரைக் குறை சொல்லவில்லை. பணம் வற்றிப்போயிருந்தது. வீட்டில் சின்னக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. காசு கொடுத்தவர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் போர்டுகள் இன்றும் எங்கள் கராஜில் இருக்கின்றன. பழைய சாமான் விற்பனைக்கு யாராவது அறிவிப்புப் பலகை கேட்டால், பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறோம்.

கடைசியில் கிடைத்தவர் ராம்னி. நேர்மையான மனிதர், நல்ல குடும்பஸ்தர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2010-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்த நாளிலிருந்து நாங்கள் தெருத்தெருவாக அதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தச் சட்டத்துக்கு முன்மாதிரி என்று ஒபாமா தரப்பே சுட்டிக்காட்டியது, 2006-இல் மாசசூசெட்ஸில் ராம்னி ஆளுநராகக் கையெழுத்திட்ட சட்டத்தை. எந்த விஷயத்தில் நாங்கள் பலமாக இருந்தோமோ, அந்த விஷயத்தில் வாய் திறக்க முடியாதவரைப் பார்த்து எங்கள் வேட்பாளராக அனுப்பினீர்கள். நவம்பரில், அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் ஓட்டுக் கணக்கில், 206-க்கு 332 என்று தோற்றோம். அன்றிரவு எனக்கு வந்த கோபம் ஒபாமா மேல் வரவில்லை, உங்கள் மேல்தான் வந்தது.

2016-இல் வேட்பாளர்களுக்குப் பஞ்சமில்லை. 17 பேர். ஒரு மேடையில் நிற்க இடம் போதாமல், பத்துப் பேரைப் பிரதான விவாதத்திலும் மற்றவர்களைச் சாயங்காலம் ஆளில்லாத அரங்கிலும் நிறுத்தினீர்கள். தென் கரோலினாவில் டொனால்ட் டிரம்ப் பெற்றது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான ஓட்டு. அந்த மாநிலத்தின் 50 பேராளர்களும் அவருக்கே போனார்கள். மற்றவர்களுக்கு விழுந்த மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுக்கு ஒரு பேராளர்கூட இல்லை. விதி அப்படி. விதியை அறிந்து விளையாடியவரை நான் எப்படிக் குற்றம் சொல்வது? அந்த விதியை வைத்திருந்த உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த வருடம் ஒரு அதிசயமாக, ஏப்ரல் 26 எங்கள் முறை வந்தபோது போட்டி உயிரோடு இருந்தது. டெட் குரூஸும் ஜான் கேசிக்கும் இன்னும் களத்தில். ஆசையோடு போனேன். வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டேன். அதன் கீழே மாநாட்டுப் பேராளர்களாக மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பெயர்ப் பட்டியல். அவர்களில் யார் எந்த வேட்பாளரை ஆதரிக்கிறார் என்று ஒரு எழுத்துகூட அதில் இல்லை. எங்கள் மாநிலத்தின் 71 பேராளர்களில் 54 பேர் இப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். மாநாட்டில் யாருக்கு வேண்டுமானாலும் கை தூக்கலாம். மாநில முடிவு கட்டுப்படுத்துவது 17 பேரை மட்டும்தான். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருவர் பெயரை எங்கோ கேட்ட ஞாபகம், அவ்வளவுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டது போலப் போட்டுவிட்டு வந்தேன். வெளியே, எந்தப் பெயர் யாருடைய ஆள் என்று துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது கிடைத்தது திரும்பி வரும்போது.

2024-ஐப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. டிரம்ப் ஒரு விவாத மேடைக்குக்கூட வரவில்லை. வேட்பாளராக யார் ஜெயித்தாலும் ஆதரிப்பேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் மேடை என்று மற்றவர்களுக்கு நிபந்தனை வைத்தீர்கள். மேடைக்கே வராதவரை அது எப்படிக் கட்டுப்படுத்தும்? நவம்பரில் நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஓட்டுக் கேட்பவர் எங்கள் முன்னால் வந்து நின்று, சக கட்சிக்காரர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்கள் உரிமை. ஊரிலிருந்து நண்பர்கள், தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமி நிற்கிறாரே, அவருக்குத்தானே போடுவாய் என்று கேட்டார்கள். நம்ம ஊர் வேர் என்பதற்காக நான் யாருக்கும் போடுவதில்லை. போட நினைத்திருந்தாலும் முடியாது, அயோவா முடிந்த அன்றிரவே அவர் விலகிவிட்டார். ரான் டிசாண்டிஸ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார். நிக்கி ஹேலி மார்ச் 6 வரை நின்றார்.

ஏப்ரல் 23-ஆம் தேதி என் மகளோடு அதே தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அவளுக்கு அது முதல் ஓட்டு. சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா, இவங்கதான் விலகிட்டாங்களே, பேர் ஏன் இன்னும் இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். சாவடிக்குள் பேசக் கூடாது என்று சைகை காட்டினேன். அது நல்ல சாக்காகவும் போயிற்று. என்னிடம் பதில் இல்லை. அன்று எங்கள் மாநிலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், ஏழு வாரத்துக்கு முன்பே போட்டியை விட்டுப் போன ஹேலிக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் சொல்ல வந்ததைக் கேட்க உங்களில் எத்தனை பேர் முயன்றீர்கள்?

சீக்கிரம் முடிந்தால்தான் கட்சிக்கு நல்லது, பணம் மிச்சம், ஒற்றுமை கெடாது என்று உங்கள் தரப்பில் எப்போதும் சொல்வீர்கள். எதிர்க்கட்சி 2008-இல் ஜூன் வரை அடித்துக்கொண்டது, நவம்பரில் ஜெயித்தது. நம் கட்சியிலேயே 1980-ஐப் பாருங்கள். அந்த ஏப்ரலில் பென்சில்வேனியா வாக்காளர்கள் ரொனால்ட் ரீகனைத் தோற்கடித்து ஜார்ஜ் புஷ்ஷை ஜெயிக்க வைத்தார்கள். ரீகன் அந்தப் புஷ்ஷையே துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டு 44 மாநிலங்களை வென்றார். எங்கள் ஏப்ரல் ஓட்டுக்கு அப்போது ஒரு எடை இருந்தது.

தேதியை வைப்பது மாநிலச் சட்டம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அதிபர் தேர்தல் வருடத்தில் ஏப்ரல் மாத நான்காவது செவ்வாய் என்று எங்கள் சட்டம் சொல்கிறது. 2024-இல் அந்த நாள் யூதர்களின் பாஸ்கா பண்டிகையோடு மோதியபோதுகூட எங்கள் சட்டமன்றத்தால் ஒரு தேதியில் ஒத்துப்போக முடியவில்லை. அதற்கான திட்டு அவர்களுக்குத் தனியாக உண்டு. ஆனால் யார் முதலில் போகலாம், முந்திக்கொண்டால் என்ன தண்டனை, பேராளர்களை எப்படிப் பங்கிட வேண்டும் என்ற விதிகள் உங்களுடையவை. அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா, நெவாடா நான்குக்கும் தனிச் சலுகை கொடுத்திருப்பதும் நீங்கள்தான்.

2000-இல் உங்களிடமே ஒரு திட்டம் இருந்தது. சிறிய மாநிலங்கள் முதலில், பெரிய மாநிலங்கள் கடைசியில், நான்கு கட்டமாக வாக்குப்பதிவு. கடைசிக் கட்டம் வரை யாரும் பெரும்பான்மையைத் தொட முடியாது. டெலவேர் திட்டம் என்றார்கள். மாநாடு கூடியது எங்கள் ஃபிலடெல்ஃபியாவில்தான், அங்கேயே அதைப் புதைத்தார்கள். அதைத் தோண்டி எடுங்கள். அது வேண்டாமென்றால், மாநிலங்களைப் பிராந்தியமாகப் பிரித்து ஒவ்வொரு முறையும் ஒரு பிராந்தியம் முதலில் வரட்டும்.

வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையும் உங்களுக்குப் புதிதில்லை. 2021-இல் வர்ஜீனியாவில் நம் கட்சி ஆளுநர் வேட்பாளரை அப்படித்தான் தேர்ந்தெடுத்தது. பல சுற்று எண்ணி, பெரும்பான்மைக்கு ஒப்பான கிளென் யங்கின் வந்தார். 2009-க்குப் பிறகு மாநில அளவில் நாம் ஜெயிக்கவே முடியாதிருந்த இடத்தில் நவம்பரில் ஜெயித்தார். ஏழெட்டுப் பேர் நிற்கும் பிரைமரிக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் மாநிலக் கட்சி பேராளர் பெயருக்குப் பக்கத்தில் அவர் ஆதரிக்கும் வேட்பாளர் பெயரைப் போட வழி செய்யுமாறு நீங்கள் நெருக்கடி கொடுக்கலாம். அப்புறம், விவாதத்துக்கு வராதவருக்கு என்ன விளைவு என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி.

விதியை மாற்ற உங்களில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும். 168-இல் 126 பேர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று பேர் இருக்கிறீர்கள். என் மாநிலத்து மூவருக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். இதைப் படிக்கும் தமிழர்கள் டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ ஓஹையோவிலோ இருந்தால், உங்கள் மாநிலத்து மூவருக்கும் எழுதுங்கள்.

2028-இல் ஏப்ரல் மாத நான்காவது செவ்வாய் 25-ஆம் தேதி வருகிறது. என் மகனுக்கு அப்போது 18 முடிந்திருக்கும். போர்டு அடிக்க ஆட்கள் மார்ச்சில் வருவார்கள், வழக்கம்போல முன்பணம் தருவார்கள். அதை வாங்கலாமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
லங்காஸ்டர் பக்கத்து அச்சகக்காரன், உங்கள் கட்சியின் பதிவு பெற்ற வாக்காளன்